ஆள் தெரியாதவருக்கு நல்ல வேலை கிடைக்குமா?

கேள்வி: ஆரணி பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. அப்பா விவசாயி. வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு, ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் நாலு வருடமாக குவாலிட்டி இன்ஜினியராக இருக்கிறேன். கையில் 24 ஆயிரம் வருகிறது. எட்டு மாதத்தில் ஆன்லைனில் 140 இடங்களுக்கு விண்ணப்பித்தேன். மூன்று இடத்திலிருந்துதான் கூப்பிட்டார்கள். என்னோடு வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார்கள். இருவருக்கும் உள்ளே ஆள் இருந்தது. அதற்குப் பிறகு அவர்களோடு நான் பேசுவதில்லை. ஒருவரிடம் போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது. மாமா, தனக்குத் தெரிந்த அரசியல் பிரமுகரிடம் கடிதம் வாங்கித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? ஆள் இல்லாதவன் முன்னேறவே முடியாதா?

பதில்:

மாமாவின் கடிதத்தை முதலில் முடித்துவிடுவோம். வாங்காதீர்கள். உற்பத்திக் கம்பெனியின் எச்.ஆர். அறைக்கு அரசியல் கடிதம் புதிதில்லை. கொண்டுவந்தவரை உட்காரவைத்து, பயோடேட்டாவை வாங்கிக்கொண்டு, "சொல்லி அனுப்புகிறோம்" என்பார்கள். மிஞ்சிப்போனால் கான்ட்ராக்டர் கீழே ஒரு வேலை கிடைக்கும். குவாலிட்டி மேலாளர் போடும் கணக்கு வேறு: ரிஜெக்‌ஷன் ஏறிய நாளில் இந்த ஆளை நிற்கவைத்துக் கேள்வி கேட்க முடியுமா, கேட்டால் யாரிடமிருந்து போன் வரும்? அந்த ஒரு சந்தேகம் போதும், உங்கள் நாலு வருட அனுபவத்தை அமுக்க. அரசு வேலை என்றால் இன்னும் மோசம்; சிபாரிசு பிடிக்க முயன்றால் தகுதி நீக்கம் என்று தேர்வாணைய அறிவிக்கைகளிலேயே போட்டிருப்பார்கள்.

ஆனால் 'உள்ளே ஆள் இருந்தது' என்று நீங்கள் எழுதியதில் விஷயம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, நாம் ஒரே மூட்டையில் போட்டுக் கட்டும் மூன்று காரியங்களைப் பிரிக்க வேண்டும். தகுதியைப் பார்க்காதே, ஆளைப் பார்த்துக் கொடு என்பது சிபாரிசு. உள்ளே வேலை செய்பவர், காலியாக இருக்கும் ஒரு பணியிடத்துக்கு உங்கள் பயோடேட்டாவைக் கம்பெனி வைத்திருக்கும் முறைப்படி ஏற்றிவிடுவது ரெஃபரல். எங்கே புது லைன் போடுகிறார்கள், யார் ராஜினாமா கொடுத்திருக்கிறார், அந்த இடத்துக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் தகவல். முதலாவதைக் கேட்கக் கூச்சப்படுகிறீர்கள் என்றால் நல்லது, அந்தக் கூச்சம் இருக்கட்டும். மூன்றாவதைக் கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். உங்களிடம் இல்லாததும் அதுதான். தகவல் இருந்தால் ரெஃபரல் தானாகப் பின்னால் வரும்.

140 விண்ணப்பங்கள் எங்கே போயின என்று பார்ப்போம். வேலைவாய்ப்புத் தளத்தில் ஒரு குவாலிட்டி இன்ஜினியர் இடம் விழுந்தால் நூற்றுக்கணக்கில் பயோடேட்டா குவியும். ஆள் தேடுபவர் எல்லாவற்றையும் படிக்க மாட்டார். அனுபவ வருடம், ஊர், நோட்டீஸ் பீரியட், எஸ்பிசி (புள்ளிவிவரம் வைத்து உற்பத்தியைக் கண்காணிப்பது), எம்எஸ்ஏ (அளவுக் கருவியை நம்பலாமா என்று சோதிப்பது), பீபாப் (புது பாகத்துக்குக் கஸ்டமரிடம் ஒப்புதல் வாங்கும் ஆவணத் தொகுப்பு) போன்ற சொற்கள் என்று வடிகட்டி போட்டு, மேலே வருகிற சில பக்கங்களைத்தான் திறப்பார். உங்களுக்கு வேலை தெரியுமா தெரியாதா என்ற கேள்வி அதுவரை எழுவதே இல்லை. ரெஃபரல் செய்வது ஒன்றே ஒன்றுதான்: பயோடேட்டா ஒரு மனிதக் கண்ணில் படும்படி செய்கிறது. நேர்காணலில் அது உங்களுக்காகப் பதில் சொல்லாது. உங்கள் நண்பர்கள் இருவரும் எழுத்துத் தேர்வோ டெக்னிகல் ரவுண்டோ தாண்டித்தான் போயிருப்பார்கள். அதை நீங்கள் கணக்கில் எடுத்த மாதிரி தெரியவில்லை.

இனி, யாருடைய தொடர்பு வேலைக்கு உதவுகிறது என்ற கேள்வி. இதில் அரை நூற்றாண்டு ஆய்வு இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனவெட்டர், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் ஊரில் புதிதாக வேலை மாறியவர்களைக் கேட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கண்டவர்களிடம், 'அந்தத் தெரிந்தவரை அப்போது எத்தனை தரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்' என்றார். வாரம் இரண்டு முறையாவது பார்ப்போம் என்றவர்கள் நூற்றுக்கு 17 பேர்கூட இல்லை. அவ்வப்போது பார்ப்போம் என்றவர்கள் சுமார் 56 பேர். வருடத்துக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ என்றவர்கள் சுமார் 28 பேர். 1973-இல் இதை வெளியிட்டபோது அவர் சொன்ன காரணம் எளிமையானது. உங்களோடு ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டு, ஒரே அறையில் தூங்குபவருக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான் தெரியும். நீங்கள் இல்லாத இடத்தில் நடமாடுபவருக்குத்தான் நீங்கள் அறியாத சேதி கிடைக்கும்.

இதோடு நிறுத்தினால் உங்களுக்குத் தவறான யோசனை சொன்னதாகிவிடும். 2022-இல் லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து ஐந்து ஆண்டுகள் நடந்த சோதனையின் முடிவு வந்தது. நெருங்கிய தொடர்பைவிட, ஓரளவு தளர்ந்த தொடர்புதான் வேலை மாற அதிகம் உதவியது. அதற்காக முழு அந்நியரும் உதவவில்லை. தளர்ந்த தொடர்பின் பலன் கணினி சார்ந்த துறைகளில்தான் தெரிந்தது என்பது அதிலேயே இருக்கும் இன்னொரு செய்தி. கணினியைக் குறைவாகச் சார்ந்த துறைகளில் நெருங்கிய தொடர்பே கூடுதலாக உதவியது. உங்கள் துறை இந்த இரண்டாவது வகைக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஐ.டி. நண்பர் "லிங்க்ட்இன்ல 500 பேரை ஆட் பண்ணு" என்றால் அது அவருக்குச் செல்லுபடியாகும். ஷாப் ஃப்ளோரில் ஒருவரை நம்பிச் சொல்ல, அவரோடு ஒரு கஸ்டமர் ஆடிட்டையாவது சேர்ந்து தாண்டியிருக்க வேண்டும். ஆகவே உங்களுக்கு வேண்டியவர்கள், ஒரு காலத்தில் கூட வேலை செய்து இப்போது வேறு கம்பெனியில் இருப்பவர்கள். உங்கள் வேலையையும் அறிவார்கள், உங்களுக்குத் தெரியாத இடத்திலும் இருக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு நியாயமானதா என்றால், இல்லை. அப்பா இன்ஜினியராக இருந்த பையனுக்கு இந்த வலை பிறக்கும்போதே பின்னி வைத்திருக்கிறது, உங்களுக்கு இல்லை. சாதியும் அதில் ஒரு பெரிய இழை என்பதை மறைத்துப் பேசிப் பயனில்லை. நம் திருப்பூர் பனியன் தொழிலைப் பற்றி அபிஜித் பானர்ஜியும் கைவான் முன்ஷியும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. உள்ளூர்ச் சமூகத் தொடர்பு உள்ளவர்கள் அதிக முதலோடு தொழில் தொடங்கினார்கள்; வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலோடு தொடங்கினார்கள். ஆனால் வெளியாட்களின் நிறுவனங்கள்தான் வேகமாக வளர்ந்தன. பிறவித் தொடர்பு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது உண்மை. ஓட்டம் அதோடு முடிவதில்லை என்பதும் உண்மை. நீங்கள் இப்போது செய்யப்போவது, அவர்களுக்கு வீட்டிலேயே கிடைத்ததைக் கையால் பின்னுவது. நேரம் பிடிக்கும். ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். போனில் வேண்டாம், போனில் எழுதுவதைத் திரும்பப் பார்க்க மாட்டோம். ஊரில் கல்யாணத்துக்குக் கல்யாணம் எடுத்துப் பார்க்கும் மொய் நோட்டு மாதிரி இது கண்ணெதிரே இருக்க வேண்டும். பக்கத்துக்கு நான்கு கட்டம்: பெயர், இப்போது எங்கே என்ன வேலை, கடைசியாக எப்போது பேசினோம், அவருக்கு என்னால் ஆகக்கூடியது என்ன. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து 60 பெயர் எழுதுங்கள். 'எனக்கு யாரையும் தெரியாது' என்பவர்கள் 15-இல் நின்றுவிடுவார்கள். காரணம், பெரிய பதவியில் இருப்பவர்களை மட்டுமே தேடுவது.

உங்கள் வேலையில் யாரெல்லாம் வந்துபோகிறார்கள் என்று யோசியுங்கள். அளவு பார்க்கும் கேஜ்களை காலிப்ரேஷனுக்கு (சரிபார்ப்புக்கு) எடுத்துப்போகும் லேப் ஆள், மாதம் இருபது கம்பெனி வாசலைப் பார்ப்பவர். பாகங்களைத் துல்லியமாக அளக்கும் சிஎம்எம் இயந்திரத்துக்கு சர்வீஸ் பார்க்க வரும் இன்ஜினியருக்கு, எந்த பிளான்ட்டில் புது இயந்திரம் இறங்குகிறது என்பது விளம்பரம் வருவதற்கு மூன்று மாதம் முன்பே தெரியும்; புது இயந்திரம் என்றால் புது ஆள். டூலிங் விற்பவர், பிளேட்டிங் வெண்டாரின் சூப்பர்வைசர், கார்த் தொழிலின் தர விதிமுறையான ஐஏடிஎஃப் 16949-க்கான இன்டர்னல் ஆடிட்டர் பயிற்சியில் பக்கத்து நாற்காலியில் இருந்தவர், அப்ரென்டிஸாக வந்து இப்போது ஓசூரில் இருப்பவர், கம்பெனி பஸ்ஸில் முன்பு கூட வந்தவர், ஸ்ரீபெரும்புதூரில் ரூம்மேட்டாக இருந்தவர். கல்லூரியில் உங்களுக்கு இரண்டு வருடம் சீனியர்கள் முக்கியம். அவர்கள்தான் இப்போது டீம் லீடராக, தனக்குக் கீழே ஆள் எடுக்கும் இடத்துக்கு வந்திருப்பார்கள். பேராசிரியர்களில் பிளேஸ்மென்ட் பார்த்தவரை மட்டும் எழுதுங்கள், மற்றவர்கள் இப்போதைக்கு வேண்டாம்.

கஸ்டமர் கம்பெனியிலிருந்து உங்கள் தரத்தைப் பார்க்க வரும் சப்ளையர் குவாலிட்டி இன்ஜினியர்களும் பட்டியலில் வருவார்கள். இங்கே மட்டும் கவனம். உங்கள் நடுவே நடப்பது வியாபாரம். ஆடிட்டுக்கு வந்தவரிடம் அன்றைக்கே "உங்க கம்பெனில ஏதாவது இருக்கா சார்" என்று கேட்டால், அவர் போடவேண்டிய குறையைப் போடாமல் விடச் சொல்வது போலவும் அது காதில் விழும். சப்ளையரின் ஆட்களை எடுப்பதில்லை என்று சில கம்பெனிகளுக்குள் எழுத்து ஒப்பந்தமே இருக்கும். அவர்களுக்கு உங்கள் 8டி ரிப்போர்ட் (கோளாறின் காரணத்தையும் தீர்வையும் எட்டுப் படியில் எழுதுவது) மூலம் தெரிந்தவராக இருங்கள், அது போதும். கேட்டதற்கு ஒரு நாள் முன்பே, மூல காரணத்தை மழுப்பாமல் எழுதிய ரிப்போர்ட் அனுப்புபவரின் பெயர் அவர்கள் மனதில் நிற்கும்.

அறுபதில் 15 பேரைத் தேர்ந்தெடுங்கள்: உங்களோடு வேலை செய்து விலகியவர்கள், சீனியர்கள், பல பிளான்ட்டுக்குப் போய்வருபவர்கள். வாரத்துக்கு இரண்டு பேர். அதற்கு மேல் போனால் இயந்திரம் மாதிரி ஒரே செய்தியை எல்லோருக்கும் தள்ளிவிடத் தொடங்குவீர்கள்.

செய்தி எழுதுவதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். இரண்டு வருடம் பேசாதவருக்கு "ஹாய்" என்று மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். பெறுபவருக்கு உடனே ஓடும் எண்ணம் இரண்டு: கடன் கேட்கப்போகிறான், அல்லது இன்ஷூரன்ஸ். பதில் வராது. நீங்கள் யார், ஏன் இப்போது, என்ன வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்ற நான்கும் முதல் செய்தியிலேயே இருக்கட்டும். சீனியருக்கு இப்படி எழுதலாம்:

"அண்ணா வணக்கம். நான் மெக்கானிக்கல், உங்களுக்கு ரெண்டு பேட்ச் ஜூனியர். சிம்போசியம் அன்னிக்கு உங்க டீம்ல ரிஜிஸ்ட்ரேஷன் டெஸ்க்ல இருந்தேன். இப்போ ஒரகடத்துல குவாலிட்டில நாலு வருஷம். சப்ளையர் குவாலிட்டி பக்கம் போகலாமான்னு யோசிக்கிறேன். நீங்க அந்த வேலைலதான் இருக்கீங்கன்னு பார்த்தேன். வேலை கேட்டு எழுதலண்ணா. அந்த வேலைக்கு என்ன கத்துக்கணும்னு ஒரு கால் மணி நேரம் பேசினா உதவியா இருக்கும். எந்த ஷிஃப்ட்னு சொன்னா அதுக்கேத்த மாதிரி கூப்பிடறேன்."

ஷிஃப்ட்டைக் கேட்கும் அந்தக் கடைசி வரி சின்ன விஷயமாகத் தெரியும். இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கும் ஆளைக் காலை பத்து மணிக்கு எழுப்பினால் அன்றோடு கதை முடிந்தது. மாதக் கடைசி நான்கு நாள் டிஸ்பேட்ச் நெருக்கடி. அப்போது யாருக்கும் எழுதாதீர்கள். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், லைனில் நிற்பவரால் கேட்க முடியாது. பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் வராவிட்டால் விட்டுவிடுங்கள். ஐந்து பேருக்கு எழுதினால் இரண்டு பேர் பேசினாலே நல்ல அறுவடை என்று நினைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூவருக்கும் உங்கள் மேல் கோபம் ஒன்றுமில்லை, வேலை இருந்திருக்கும்.

பேச்சு தொடங்கியதும் வேலை இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு "இப்போ இல்லப்பா" என்ற ஒரே பதில்தான் வரும், கதவு மூடிவிடும். மாறாக, அவருக்கு மட்டுமே தெரிந்ததைக் கேளுங்கள். உங்கள் லைனில் கஸ்டமர் கம்ப்ளெய்ன்ட் யார் கையாள்கிறார்கள்? புதிதாகச் சேர்பவர்கள் முதல் மூன்று மாதத்தில் எதில் திணறுகிறார்கள்? மினிடேப் (புள்ளிவிவர மென்பொருள்) ஓட்டத் தெரிய வேண்டுமா, எக்ஸெல் போதுமா? நேர்காணலில் டிராயிங் கொடுத்து ஜிடி அண்ட் டி (வடிவத்துக்கும் அளவுக்கும் வரம்பு காட்டும் குறியீடுகள்) கேட்பார்களா? என் பயோடேட்டாவைப் பார்த்தால் எது குறைவாகத் தெரிகிறது? கடைசியாக, "இதைப்பத்தி வேற யார்கிட்ட பேசினா நல்லதுண்ணா?" என்ற ஒன்றை மறக்கவே கூடாது. 15 பெயர் 25 ஆவது இந்தக் கேள்வியால்தான். கால் மணி நேரம் என்று சொன்னீர்கள் என்றால் பதினான்காவது நிமிடத்தில் நீங்களே முடியுங்கள். அவர் நீட்டினால் அது அவர் விருப்பம்.

அன்று மாலையே இரண்டு வரி நன்றி. பிறகு ஒரு மாதத்துக்குள், அவர் சொன்னதில் ஒன்றைச் செய்துவிட்டு அதைச் சொல்லுங்கள்: "நீங்க சொன்ன எம்எஸ்ஏ ஸ்டடியை எங்க மைக்ரோமீட்டர்ல செஞ்சு பார்த்தேண்ணா, பிழை 30 பர்சென்ட்டுக்கு மேல வந்துச்சு, கேஜை மாத்திட்டோம்." யோசனை கேட்பவர் ஆயிரம் பேர், கேட்டதைச் செய்துவிட்டு வந்து சொல்பவர் அபூர்வம். தன் பெயரை உங்களுக்காகப் பணயம் வைக்கலாம் என்று ஒருவர் முடிவு செய்வது இந்த இடத்தில்தான்.

ரெஃபரல் கேட்கும் கட்டம் வந்தால், கேட்கப்படுபவருக்கு வேலை வைக்காதீர்கள். "ஏதாவது இருந்தா பாருங்க" என்பது மோசமான கோரிக்கை. அவர் எதைத் தேடுவார், எங்கே தேடுவார்? கம்பெனியின் கேரியர் பக்கத்தில் நீங்களே இடத்தைக் கண்டுபிடித்து, அதன் ஜாப் ஐடியை அனுப்புங்கள். கூடவே இரண்டு பக்கத்துக்கு மேற்படாத பயோடேட்டா பிடிஎஃப், இப்போதைய சிடிசி (மொத்த ஆண்டுச் சம்பளம்), எதிர்பார்ப்பது, நோட்டீஸ் பீரியட், நீங்கள் ஏன் பொருந்துவீர்கள் என்று நான்கு வரி. அந்த நான்கு வரியை அவர் அப்படியே வெட்டி ஒட்டும்படி எழுதுங்கள். 'கடின உழைப்பாளி' என்றெல்லாம் வேண்டாம். எந்த பாகம், எத்தனை பிபிஎம்-இலிருந்து (பத்து லட்சத்துக்கு எத்தனை பழுது என்ற கணக்கு) எத்தனைக்கு இறங்கியது, எத்தனை பீபாப் சமர்ப்பித்தீர்கள் என்று எண்ணில் சொல்லுங்கள். கஸ்டமர் பெயர், டிராயிங் எண், டிராயிங் படம் எதுவும் உள்ளே வரக்கூடாது. ரகசியத்தை வெளியே விடுபவர் என்று அதுவே உங்களை நிராகரிக்கக் காரணமாகும்.

வரிசை முக்கியம். பல கம்பெனிகளில், நீங்கள் வெப்சைட்டில் முன்பே விண்ணப்பித்திருந்தால் குறிப்பிட்ட காலம்வரை அதே பெயரை ரெஃபரலாக ஏற்ற முடியாது. உங்கள் மின்னஞ்சல் சிஸ்டத்தில் ஏற்கெனவே இருக்கும். எனவே உள்ளே ஆள் இருக்கும் கம்பெனிக்கு முதலில் அவர் வழியாகத்தான் போக வேண்டும். ஒரே கம்பெனியில் இரண்டு பேரிடம் ஒரே நேரத்தில் கொடுக்காதீர்கள். ரெஃபரல் செய்தவருக்கு, நீங்கள் சேர்ந்து சில மாதம் தாக்குப்பிடித்தால் ஊக்கத்தொகை தரும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இரண்டு பேர் ஏற்றினால் அதில் ஒருவருக்கு மனக்கசப்பு நிச்சயம். அந்த ஊக்கத்தொகை உங்கள் கூச்சத்துக்கும் மருந்து: நல்ல ஆளைக் காட்டிக்கொடுத்தால் அவருக்கும் லாபம், கம்பெனிக்கும் லாபம். நீங்கள் கை நீட்டி நிற்கவில்லை. ஆனால் ஒருவர் உங்களிடம் பணம் கேட்டால், டெபாசிட், டிரெய்னிங் கட்டணம், எச்.ஆருக்குக் 'கவனிப்பு' என்று எந்தப் பெயரில் கேட்டாலும், அந்த எண்ணை பிளாக் செய்துவிடுங்கள்.

நோட்டின் நான்காவது கட்டத்தைப் பார்த்ததும் நினைத்திருப்பீர்கள், 'என்னிடம் கொடுக்க என்ன இருக்கிறது' என்று. மொய்யில்கூட எல்லோரும் ஐயாயிரமா வைக்கிறார்கள்? இருக்கிறவர் இருப்பதை வைப்பார். உங்கள் பிளான்ட்டில் காலியிடம் வந்தால் தகுதியான ஒருவருக்கு முதல் ஆளாகச் சொல்லலாம். வேலை தேடும் கல்லூரி ஜூனியருக்கு நேர்காணலில் கேட்ட கேள்விகளை எழுதி அனுப்பலாம். சீனியரின் தம்பிக்கு ஒரகடத்தில் அறை பார்த்துக் கொடுக்கலாம். கன்ட்ரோல் பிளான் (எந்தக் கட்டத்தில் எதைச் சோதிப்பது என்ற பட்டியல்) வடிவத்தைக் கேட்டால் வெற்றுப் படிவத்தை மட்டும் கொடுங்கள்; கம்பெனித் தகவல் நிரம்பியதைக் கொடுக்கவே கூடாது. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது, பெரும்பாலும் நன்றாகக் கேட்பார்கள், எழுத்தில் கச்சிதமாக இருப்பார்கள். கூட்டத்தில் சிரித்துப் பேசி நட்பு பிடிப்பது உங்கள் பாணி இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள்.

வெளியே தேடும்போது உள்ளே இருப்பதை மறக்க வேண்டாம். ரொனால்ட் பர்ட் என்ற ஆய்வாளர் ஒரு பெரிய அமெரிக்க எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் சப்ளை செயின் மேலாளர்கள் 673 பேரைப் பார்த்தார். தன் குழுவுக்குள்ளேயே புழங்கியவர்களைவிட, குழு தாண்டிப் பேசும் பழக்கம் உள்ளவர்களின் யோசனைகள் மேலிடத்தில் நல்லவை என்று மதிக்கப்பட்டன; சம்பளமும் பதவி உயர்வும் அவர்கள் பக்கமே சாய்ந்தன. நம் ஊர்த் தொழிற்சாலையில் குவாலிட்டிக்கும் புரொடக்‌ஷனுக்கும் நடுவே சுவர் இருப்பது உங்களுக்குத் தெரியும். வாரத்தில் ஒரு நாள் டீ பிரேக்கில் மெயின்டனன்ஸ் அல்லது பர்ச்சேஸ் ஆட்களோடு உட்காருங்கள். பர்ச்சேஸ் ஆளுக்கு எந்த வெண்டார் தடுமாறுகிறார் என்பது உங்களுக்கு முன்பே தெரியும். மாதம் ஒருமுறை உங்கள் மேலாளருக்கு அரைப் பக்க மெயில்: போன மாத ரிஜெக்‌ஷன், இந்த மாத ரிஜெக்‌ஷன், என்ன மாற்றினோம், யார் யார் உதவினார்கள். உதவிய ஆபரேட்டரின் பெயரைப் போடுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். 'என் வேலையே பேசும்' என்பதை நம்பாதீர்கள். நல்ல குவாலிட்டி வேலை என்றாலே ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். நடக்காததை யார் கவனிப்பார்?

வெளியே போகவேண்டிய இடங்கள் அதிகமில்லை. குவாலிட்டி சர்க்கிள் ஃபோரம் ஆஃப் இந்தியாவின் சென்னைக் கிளை நடத்தும் மாநாட்டுக்குக் கம்பெனிகள் தங்கள் குழுக்களை அனுப்பும். உங்கள் மேலாளரிடம் ஒரு கைசன் (சிறுசிறு மேம்பாடு) கேஸ் ஸ்டடியோடு போய் 'நாமும் போகலாம் சார்' என்று கேளுங்கள். மேடையில் பேசுவதைவிட, அடுத்த குழு பேசி இறங்கியதும் அவர்களிடம் போய் அவர்கள் செய்ததைப் பற்றி ஒரு கேள்வி கேட்பது பயன் தரும். அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம் இரண்டாண்டுக்கு ஒருமுறை நந்தம்பாக்கத்தில் நடத்தும் அக்மி இயந்திரக் கண்காட்சியில் மெட்ராலஜி (அளவீட்டுக் கருவி) ஸ்டால்களை மட்டும் சுற்றினாலே ஒரு நாள் சரியாக இருக்கும். லிங்க்ட்இன்னில் 'ஓபன் டு வொர்க்' பச்சை வளையம் போடாதீர்கள், உங்கள் எச்.ஆரும் அங்கேதான் இருக்கிறார். ஆள் தேடுபவர்களுக்கு மட்டும் காட்டும் அமைப்பு உண்டு. அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை.

ஆன்லைன் விண்ணப்பத்தை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. வாரம் ஐந்து போதும், ஒவ்வொன்றுக்கும் அந்த விளம்பரத்தின் சொற்களைப் பார்த்துப் பயோடேட்டாவின் மேல் பகுதியைத் திருத்தி அனுப்புங்கள். மிச்ச நேரம் நோட்டுக்கு.

கடைசியாக, கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரி. உங்களோடு சேர்ந்து, பெரிய கம்பெனிக்குப் போன இருவரோடு நீங்கள் பேசுவதில்லை. மேலே சொன்ன அத்தனை பெயர்களிலும் இந்த இருவரைவிட உங்களுக்குப் பயனுள்ள ஆள் கிடையாது. உங்கள் வேலை அவர்களுக்குத் தெரியும், போன வழி தெரியும், அந்த நேர்காணலில் என்ன கேட்டார்கள் என்பது தெரியும். 'எனக்கு ஆள் இல்லை' என்று எழுதியபோது, இருந்த ஆளை நீங்களே வெட்டிவிட்டிருந்தீர்கள். பொறாமை இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டாம், விளக்கமும் வேண்டாம். மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதினால் அவருக்குத்தான் சங்கடம். நோட்டில் முதல் பெயராக, இருவரில் உங்களோடு அதிகம் ஒட்டியவர் பெயரை எழுதிவிட்டு, இந்த ஞாயிறு சாயங்காலம் அனுப்புங்கள் (போகா-யோகே என்பது லைனில் தவறு நடக்காமல் தடுக்கும் ஏற்பாடு):

"மச்சி, எப்படி இருக்க? நீ போனப்போ வாழ்த்துகூட சொல்லல, தப்புதான். புது இடம் செட் ஆயிடுச்சா? நம்ம லைன்ல நீ போட்டுட்டுப் போன அந்த போகா-யோகே இன்னும் ஓடுது, போன மாசம் ஒரு மிக்ஸப்பைப் புடிச்சுது. ஃப்ரீயா இருக்கும்போது சொல்லு, டீ சாப்பிடுவோம். நான் அந்தப் பக்கம் வர்றேன்."

அந்த டீயில் வேலையைப் பற்றி எடுக்க வேண்டாம். அவரே கேட்பார்.